சீதன வளவுப் புல்லுக்கு என்ன விலை?

போன கிழமை தர்சிகா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, வங்கிக் கடனுக்கு வீடு, காணி மதிப்பிடுகிற வேலையை இந்தப் பக்கத்தில் பார்க்கிறவள் அவள். கெட்டிக்காரி. ஆனால் அவசரக்காரி.

“மிஸ், கிளிநொச்சியிலை ஒரு வீடு. வீட்டுக்காரர் வளவைச் சோக்காச் செய்து வைச்சிருக்கிறார். தோட்டம் செய்தா வீட்டின்ர விலை கூடுமெண்டு ஏதோ வீடியோவிலை பாத்தவராம். எத்தினை வீதம் கூட்டிறது?”

“கிணறு பாத்தனியோ?”

“படம் அனுப்பினவர் மிஸ். படத்திலை கிணறு இருக்கு.”

“தண்ணி குடிச்சுப் பாத்தனியோ?”

“படத்திலை இருக்கிற தண்ணியை எப்பிடி மிஸ் குடிக்கிறது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது. இப்போது வேலை அப்படித்தான் நடக்கிறதாம். வீட்டுக்காரர் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புவார், மதிப்பிடுகிறவர் மேசையில் இருந்து பார்ப்பார், நேரம் கிடைத்தால் ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பார். நான் பேசத் தொடங்கினேன். அவள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், “மிஸ், இதை எழுதித் தாங்கோவன், எங்கட பெடி பெட்டையள் எல்லாருக்கும் அனுப்பிவிடுறன்” என்றாள். வாயை அடைக்க அவள் கண்டுபிடித்த வழி அது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இத்தனை வீதம் என்று ஒரு கணக்கு எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அளவு நாடாவின் மற்ற முனையைப் பிடிக்க. பிறகு தட்டச்சு, பிறகு பரீட்சை, பிறகு கொழும்பில் வகுப்பு. கொழும்பு வகுப்பில் சொல்லித்தந்த வீடுகள் எல்லாம் அழகான வீடுகள். ஒரு வீட்டு வாசலிலும் மாட்டுச் சாணம் இருக்கவில்லை. அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது கனகசபை சேரைப் பற்றித்தான். எங்கள் அலுவலகத்துக்குப் பெரியவர் அவர். கட்டையான, மெலிந்த மனுசன். கிளிநொச்சி வெயிலிலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை பூட்டியிருப்பார். கையில் ஒரு குடை, வெயிலுக்குப் பாதி, நாய்க்குப் பாதி. வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும் ஓடிவந்து, “வாங்கோ சேர், உள்ளுக்கு வாங்கோ, புதுசா மாபிள் பதிச்சிருக்கிறம்” என்று கையைப் பிடிக்காத குறையாக இழுப்பார். சேர் அசையமாட்டார். வேலி வாசலின் படலையடியில் நின்று ஒழுங்கையைப் பார்ப்பார், மாரி வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஓடியிருக்கிறது என்று. பிறகு வேலியோடு நடப்பார், சுற்றி முழுக்க. வேலியாக ஊன்றிய கதியால்கள் துளிர்த்து நிற்கிறதா, மாடு நுழைகிற பொட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகு கிணறு. வாளியை விட்டு அள்ளி ஒரு வாய் குடித்துக் கொப்பளித்துத் துப்புவார். ஆவணியில் வற்றுமா என்று கேட்பது வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரிடம். அவருக்குப் பொய் சொல்லத் தேவை இல்லை, வேலிச் சண்டை இருந்தால் உண்மையைக் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்.

கிணற்றுக்குப் பிறகு மரங்கள். மரத்தை அடியில் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். மதிப்பீடு என்று கேள்விப்பட்டு நேற்று நட்ட மரம் ஆடும். ஒருமுறை ஒரு தென்னம்பிள்ளை அவர் கையோடேயே வந்துவிட்டது. அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

வீடு கடைசி. தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் கடைசி. முன்னதாகக் குடித்தால் விலை கூடிவிடும் என்பார். வீட்டுக்காரருக்கு முன்னால் ஒரு தொகையும் அவர் வாயில் வராது. “எவ்வளவு வரும் சேர்?” என்று விடாமல் கேட்டால், நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்து, “நல்ல காத்து” என்பார். எல்லா வீட்டுக்கும் அதே பதில்தான். சேர் நல்ல காற்று என்று சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நகரத்தின் விளிம்பில் ஒரு வீட்டுத்திட்டம். ஒரே ஒழுங்கையில் மூன்று வீடு, மூன்று கடன் விண்ணப்பம், ஒரே காலையில் பார்க்கப் போனோம். முதல் வீட்டு வாசலில் வரிசையாகக் குரோட்டன் சாடிகள். அதில் ஒன்று நீலச் சாடி, விளிம்பு உடைந்தது. அளந்து முடித்து அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் குரோட்டன், அங்கேயும் நீலச் சாடி. மூன்றாவது வீட்டுக்காரர் எங்களுக்கு வணக்கம் சொல்லும்போது மூச்சு வாங்கினார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்வேலியில் ஒரு பெரிய பொட்டு. நான் சிரிப்பை அடக்க முடியாமல் நாடாவைக் கீழே போட்டு எடுத்தேன். சேர் அந்த நீலச் சாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல காத்து” என்றார். “சாடியையும் தூக்கிக்கொண்டு வருது.”

பாவம், மூன்று குடும்பமும் முதுகு முறியத் தூக்கியது வீண். சாடியில் நிற்கிற எதற்கும் நாங்கள் விலை போடுவதில்லை. அது கதிரை, அலுமாரி போல. வீட்டை விட்டுப் போகிறவன் கையோடு கொண்டுபோய்விடுவான். நிலத்தில் வேர் விட்டு, போகிறவன் போன பிறகும் நிற்பதுதான் வளவுக்குச் சேரும்.

இதை நான் மனதார நம்பியது இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்த ஆண்டுகளில். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, பற்றைக்குள் மாமரம் மட்டும் காய்த்துக்கொண்டு நிற்கும். ஒரு அம்மா எனக்கு முன்னால் நடந்து, “இதிலை கறிவேப்பிலை நிக்குது பிள்ளை, அப்ப குசினி இதிலை. தேசி அதிலை, அப்ப கிணத்தடி அது” என்று இல்லாத வீட்டை அறை அறையாகக் காட்டினா. நான் அழுதுகொண்டுதான் நாடாவைப் பிடித்தேன். சேர் குடையை விரித்து அவாவுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சேருக்குப் பிறகு வேலை எனக்கு வந்தது. ஸ்கூட்டியில் போய் இறங்கினால், வீட்டுக்காரர் என்னைத் தாண்டி ஒழுங்கையைப் பார்த்து, “சேர் வரேல்லையோ?” என்பார். “நான்தான் சேர்” என்பேன். தேத்தண்ணி வரக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி வதனியின் கதை. தோட்டம், வீட்டு விலை என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறவள் அவள்தான்.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பாதையில் தர்மபுரம் தாண்டி, பாதையோரம் அரை ஏக்கர் வளவு. தகப்பன் சிவபாதம், வயல்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். தாய் இல்லை. வதனி ஒரே பிள்ளை, முப்பது கடந்தவள். வளவு முழுக்க அவளுடைய கன்றுகள். கறுப்புப் பொலித்தீன் பைகளில் தேசி, முருங்கை, ஒட்டுமா, கறிவேப்பிலை, மல்லிகை. படலையடியில் ஒரு பலகையைப் போட்டு விற்றாள். சாமான் விலை ஏறிச் சனம் வீட்டுக்கு வீடு கத்தரி, மிளகாய் வைக்கத் தொடங்கிய நேரம் அவளுக்கு நல்ல வியாபாரம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்த் திரும்புகிற வாகனங்கள் அவள் படலையில் நிற்காமல் போகாது. தகப்பனின் நெல் இரண்டு போகம் பொய்த்தபோது வீட்டில் உலை வைத்தது அந்தப் பொலித்தீன் பைகள்தான். அது சிவபாதத்துக்கும் தெரியும். தெரிந்ததுதான் அவருக்குப் பிரச்சினை. சொந்தக்காரர் யாராவது வந்தால் அந்தப் பலகையை ஒரு சாக்கால் மூடிவிடுவார்.

குழாய்க்கிணறும் நிழல்வலையும் போட வதனி வங்கியில் கடன் கேட்டாள். வளவை மதிப்பிட நான் போனேன். வேலி அடர்ந்து நின்றது. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு, ஆனால் குடிக்கலாம். வீட்டுக்கு முன்னால் ஒரு வரிசை தேசி, ஊறுகாய்க்குப் போடுகிற எலுமிச்சைதான், காய்த்துச் சொரிந்துகொண்டு நின்றது. அவள் விதை எடுப்பதும் அதில், காயாக விற்பதும் அதில். தென்னைகள், இரண்டு ஒட்டுமா. எல்லாம் ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. வருடத்துக்கு என்ன வருமானம் தரும் என்று கேட்டு எல்லாவற்றையும் வளவின் பெறுமதியில் சேர்த்தேன். பைகளில் நின்ற கன்றுகளைச் சேர்க்கவில்லை.

“அப்ப என்ர கண்டுகளுக்குப் பெறுமதி இல்லையோ மிஸ்?”

“உம்மட கண்டுகளுக்கு நல்ல பெறுமதி இருக்கு பிள்ளை. வளவுக்குத்தான் அதாலை ஒண்டும் இல்லை. நாளைக்கு நீர் கலியாணம் கட்டிப் போனா எல்லாத்தையும் லொறியிலை ஏத்திப் போடுவீர். வங்கி பின்னாலை ஓடேலுமோ?”

அவள் சிரித்தாள். தகப்பன் சிரிக்கவில்லை. அறிக்கை போனதும் அவர் கண்ணாடியைப் போட்டு எழுத்து எழுத்தாக வாசித்திருக்கிறார். பிறகு, மகளின் சீதன வளவை வங்கியில் வைக்க முடியாது என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வளவு அப்போது அவர் பெயரில். கடன் அத்தோடு நின்றது. ஆனால் நான் எழுதிய ஒரு வரி மட்டும் அவர் தலைக்குள் போய் நன்றாக இருந்துவிட்டது. பையில் நிற்பதற்கு விலை இல்லை, நிலத்தில் நிற்பதற்குத்தான் விலை. அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவேன். அதை ஒரு மனுசன் எங்கே கொண்டுபோய் விடுவார் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த நேரம் வதனிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை கனடாவில். அவருடைய தமையன் யாழ்ப்பாணத்தில் இருந்து கதைத்துப் பேசுகிறார். இரண்டு நிபந்தனை. வளவை முதலில் பெண் பெயரில் நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுத வேண்டும். அதன் பெறுமதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். சிவபாதம் உடனே லண்டனில் இருக்கிற மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார். மச்சான் சொன்னாராம், “அத்தான், இஞ்ச வீட்டுக்கு முன்னாலை தோட்டத்தைத் திருத்தினா விலை அப்பிடியே ஏறும். புல்லுப் போடுங்கோ. நடக்கிற பாதைக்குக் கல்லுப் பதியுங்கோ. முக்கியமா வேலியை எடுங்கோ, வீடு றோட்டுக்குத் தெரிய வேணும்.” சொன்னதோடு நிற்காமல் காசும் அனுப்பினார்.

சில மாதம் கழித்து சிவபாதம் என்னைக் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோசம்.

“மிஸ், வளவு மாறிப்போச்சு. ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கள் எழுதின மாதிரியே எல்லாத்தையும் நிலத்திலை வைச்சிருக்கிறன்.”

நான் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். வேலியை அடையாளம் வைத்துப் போகிறவள், வேலி இல்லாவிட்டால் என்ன செய்வாள்? ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்க்கிறேன். ஆவணி மாதம், சோளகக் காற்றில் ஊரெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்க, அந்த ஒரு வளவு மட்டும் பச்சைப் பசேலென்று பளபளத்தது. புல்வெளி. நடுவே சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்த பாதை. சீமெந்துக் கொக்கு இரண்டு, ஒற்றைக் காலில். எதிர் வாய்க்காலில் உயிர்க் கொக்கு சும்மா கிடைக்கிற ஊரில் இது காசு கொடுத்து வாங்கியது. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு கேற். கேற்றுக்கு இரண்டு பக்கமும் வேலியும் இல்லை மதிலும் இல்லை, முழங்காலளவில் ஒரு அலங்காரக் கம்பி. கேற்றில் பூட்டு வேறு தொங்கியது. நான் கம்பிக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து உள்ளே போனேன்.

தேசி வரிசை இல்லை. “அதெங்க அண்ணை?” என்றேன்.

“முள்ளு மரமல்லோ மிஸ். மாப்பிள்ளை வீட்டார் வரேக்கை முன்னாலை முள்ளு நிக்கலாமோ?”

காய்க்கிற மரத்தை அடியோடு வெட்டியிருந்தார். வதனி குசினிப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய பைகள் வீட்டின் பின்புறம், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வலைக்குக் கீழே நெருக்கி அடுக்கிக் கிடந்தன. படலையடிப் பலகையைக் காணவில்லை.

“என்ன பிள்ளை, ஒண்டும் சொல்லேல்லையோ நீர்?”

“சொன்னனான் மிஸ். பிறகு விட்டிட்டன்.” ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. போனிலை கதைக்கிறவர். கொஞ்ச வருசத்திலை இஞ்ச வந்து இருப்பம், நீர் கண்டு வையும், நான் தண்ணி ஊத்திறன் எண்டவர். வந்து இருக்கிற வீடுதானே, அப்பா ஆசைக்கு என்னவும் செய்யட்டும் எண்டு விட்டன். தேசியைப் பிறகும் வைக்கலாம்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இந்தத் தொழிலில் நான் அதிகம் யோசித்து எழுதிய அறிக்கை அதுதான். புல் நிலத்தில் வேர் விட்டு நிற்கிறது, சரி. ஆனால் எதைக் குடித்து நிற்கிறது? கிணற்றில் வாளி அடிமண்ணில் முட்டியது. பக்கத்து வீட்டு ஐயாவிடம் விசாரித்தேன். “கிழமைக்கு ரெண்டு தரம் பவுசரிலை தண்ணி இறக்கிறார் பிள்ளை. நாங்கள் குடிக்கத் தண்ணி தேடுறம், அவர் புல்லுக்கு ஊத்திறார்” என்றார். அந்த வீட்டை வாங்குகிறவன் அந்தப் புல்லையும் வாங்குவான், பவுசர்ச் செலவையும் சேர்த்து வாங்குவான். இரண்டு மாதம் தண்ணீர் நின்றால் புல் மண்ணாகும். கல் பதித்த பாதைக்கு ஒரு தொகை போட்டேன், அது நியாயம். வேலி இல்லாத வளவுக்கு வேலி போடுகிற செலவைக் கழித்தேன். வெட்டிய தேசியின் வருமானம் போயிற்று. கொக்குகளைக் கதிரை, அலுமாரிக் கணக்கில் விட்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால், லண்டன் காசு அவ்வளவையும் கொட்டிய பிறகு வளவின் பெறுமதி முதல் அறிக்கையைவிடக் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மூன்று முறை கணக்குப் பார்த்தேன், கூடவில்லை.

போகும்போது சிவபாதம், “எவ்வளவு மிஸ் வரும்?” என்றார்.

“நல்ல காத்து அண்ணை” என்றேன். அது மெய்யும்கூட. வேலி இல்லாத வளவில் காற்றை மறிக்க என்ன இருக்கிறது?

அறிக்கை கிடைத்த அன்று தொலைபேசியில் கத்தினார். “இவ்வளவு காசைக் கொட்டினதுக்குப் பிறகு குறைஞ்சு போச்சோ? விசர்க் கதை கதைக்கிறியள் மிஸ். லண்டனிலை கூடுது!”

“லண்டனிலை மழை பெய்யுது அண்ணை.”

தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு ஒருமுறை தணிந்த குரலில், கொஞ்சம் கூட்டி எழுதினால் யாருக்கு என்ன நட்டம் என்றும் கேட்டார். முடியாது என்றேன். பிள்ளையின் வாழ்க்கை என்றார். எனக்கும் மனம் கேட்கவில்லைதான். அதற்காகப் புல்லுக்குப் பொய் விலை எழுத வராது.

இதற்குள் நன்கொடை உறுதி எழுதி, வளவு வதனி பெயருக்கு வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளுக்கு முதல் நாள் வதனி கூப்பிட்டாள். “மிஸ், நாளைக்கு வாறியளோ? அவையள் பெறுமதியைப் பற்றிக் கேப்பினம். அப்பா கூட்டிச் சொல்லிப் போடுவார் எண்டு பயமாக் கிடக்கு. பொய்யிலை தொடங்க எனக்கு விருப்பமில்லை.” உரித்துக்காரி கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.

தமையன் ஐம்பது வயதுக்காரர், மனைவியோடு காரில் வந்தார். இறங்கியதும் வாயைப் பிளந்துவிட்டார். “என்ன அருமையான கார்டன்! வன்னியிலை இப்பிடி ஒரு இடமோ?” என்று புல்லையும் கொக்கையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். சிவபாதம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அறிக்கையைக் கொடுத்தால் தமையன் அதை வாங்கி, வாசிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இரவு இரவாக நான் யோசித்த கணக்கு அந்த மனுசனுக்கு ஒரு சம்பிரதாயம் மட்டும்தான்.

எல்லோரும் வாசலில் கதிரை போட்டு இருந்தோம். தேத்தண்ணி வந்தது. அந்த நேரம் பார்த்து மாடுகள் வந்தன. நாலு மைல் சுற்றாடலில் பச்சையாகக் கிடந்தது அந்த ஒரு வளவுதானே, அவைக்கு யார் சொல்ல வேண்டும்? முதலில் ஒரு சிவப்புப் பசு முழங்காலளவுக் கம்பியைத் தாண்டியது. பிறகு ஒரு பட்டியே பின்னால் வந்தது. சிவபாதம் “ஏய், ஏய்!” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினார். தமையனும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு நாம்பன் காளை சீமெந்துக் கொக்கில் கழுத்தைத் தேய்த்தது, கொக்கு சரிந்து தலை வேறாக விழுந்தது. தமையனின் மனைவி பின்னால் நகர்ந்து புதுச் சாணத்தில் காலை வைத்து, “ஐயோ கடவுளே!” என்று கத்தினா. சேர் இருந்திருந்தால் இந்தக் காட்சிக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துத் தேத்தண்ணி எனக்குப் புரையேறியது. அவா காலைக் கழுவ வேலைக்காரி போலப் பின்பக்கம் ஓடி வாளி எடுத்துக் கொடுத்தது வதனிதான்.

கால் கழுவி வந்து, மாடு கலைத்து, மூச்சு வாங்கி எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். தமையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமாதானமாகச் சொன்னார்.

“பரவாயில்லை ஐயா, மாட்டுக்கு ஏன் கவலைப்படுறியள்? படம் எடுத்திட்டன். இந்தப் படத்தைப் போட்டா உடன ஆள் வரும். கலியாணம் முடிஞ்ச கையோடை வித்திடலாம்.”

சிவபாதத்துக்கு விளங்கவில்லை. “எதை விக்கிறது?”

“இந்த வளவைத்தான். தம்பிக்கு அங்க வீடு வாங்க முன்பணம் வேணுமல்லோ. அதுக்குத்தானே பெறுமதி கேட்டது.”

வதனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவர் இஞ்ச வந்து இருக்கிறதாச் சொன்னவர்” என்றாள்.

தமையன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சிரிப்பது போல. “போனிலை எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை கதைக்கிறது. விக்கிற கதையைச் சொல்லி எங்களை அனுப்பினதே அவன்தான்.”

அவள் முகம் அணைந்ததை நான் பார்த்தேன். அவள் அந்த மனுசனை மெய்யாகவே விரும்பியிருந்தாள். ஆனால் அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

“வளவு என்ர பேரிலை இருக்கு அண்ணை. நீங்கள்தான் எழுதச் சொன்னியள். இதிலைதான் நான் உழைச்சுச் சாப்பிடுறன். நான் விக்கமாட்டன்.”

தமையன் சிவபாதத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தத் தகப்பன் மகளை அடக்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாடு மிதித்துக் கிண்டிய இடங்களில் செம்மண் தெரிந்தது.

“நீங்களாவது சொல்லுங்கோ ஐயா.”

“உரித்துக்காரி சொல்லிப்போட்டா. நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் சிவபாதம்.

அதற்கு மேல் அங்கே கதை இல்லை. தமையன் எழுந்தார். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, மரியாதையாகத்தான் படியிறங்கினார்கள். கார்க் கதவைத் திறந்த பிறகு அவருடைய மனைவி நின்றா. கிணற்றடியில் கால் கழுவியபோது வலைக்குக் கீழே இருந்ததைக் கண்டிருக்கிறா.

“பிள்ளை, நல்ல தேசிக்கண்டு வைச்சிருக்கிறீர். எங்கட வளவிலை ஒண்டும் பிழைக்குதில்லை. ரெண்டு தாருமன்.”

வதனி அசையவில்லை. அவளால் முடியவில்லை என்று எனக்குப் பட்டது. நான் எழும்பப் போக, சிவபாதம் எனக்கு முன்னால் எழும்பினார். ஆள் வந்தால் பலகையைச் சாக்கால் மூடுகிற அந்த மனுசன் பின்பக்கம் போய், வலையைத் தூக்கி, நின்று நிதானமாகப் பார்த்து இரண்டு நல்ல கன்றைத் தெரிந்து, மண் உதிராமல் அடியில் கை கொடுத்து ஏந்திக்கொண்டு வந்தார். அவா கையை நீட்டினா. அவர் கொடுக்கவில்லை.

“ஒண்டு முன்னூற்றைம்பது” என்றார்.

“என்ன ஐயா, சொந்தக்காரரிட்டையும் காசோ?” என்று அவா சிரித்தா.

“சொந்தமாயிருந்தால் சும்மா தந்திருப்பம்,” என்றார் சிவபாதம். “ரெண்டும் எழுநூறு. காசைப் பிள்ளையிட்டைக் குடுங்கோ.”